அறிவித்தலில் போடாத ஊர்

எங்கள் தட்டச்சுக் கடையில் நான் விட்டுப்போன கதிரையில் இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மரண அறிவித்தல் அடிப்பது செத்தவரைப் பற்றி எழுதுகிற வேலை என்று நினைத்திருப்பீர்கள். வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். கண் மங்கி, வேலையை விட்டு, வீட்டில் இருந்து யோசிக்கும்போதுதான் விளங்குகிறது, செத்தவருக்கு அதில் இரண்டு வரிதான். எங்கே பிறந்தார், எங்கே இருந்தார், என்றைக்குப் போனார். மிச்சம் முழுக்க உயிரோடு இருக்கிற ஆட்கள். மனைவி பெயர், மக்கள் பெயர், மருமக்கள் பெயர், அவர்களில் யார் லண்டன், யார் கனடா, வீட்டில் கூப்பிடுகிற பெயர் அடைப்புக்குறிக்குள், கடைசியில் தொடர்புக்கு என்று போன் நம்பர்கள். எந்த நம்பர் மகன், எந்த நம்பர் மைத்துனர் என்ற விளக்கம் வேறு.

ஒருமுறை ஒரு பெரியவர் தன் கூட்டாளியின் அறிவித்தலைக் கடைவாசலில் நின்று வாசித்தார். வாசித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

“உயிரோடை இருக்கேக்க இவனைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரி எழுதேல்லை. இப்ப பாருங்கோ, இதை வாசிச்சால் எந்த ஊரான் எண்டாலும் வழி கேக்காமல் குசினி அடுப்படி வரைக்கும் வந்திடுவான்.”

கடை முழுக்கச் சிரித்தது. அவர் சொன்ன அந்த ஊரான் ஒருநாள் உண்மையாகவே வந்தான். அதைத்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன், எங்கள் சனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிளிநொச்சியில் எங்களுடையது போன்ற கடைக்கு ஆட்கள் அறிவித்தல் அடிக்க மட்டும் வருவதில்லை. மின்னஞ்சல் திறக்க, கடவுச்சீட்டுப் படிவம் நிரப்ப, அடையாள அட்டையை ஸ்கான் பண்ணி அனுப்ப, எல்லாவற்றுக்கும் எங்களிடம்தான். ஒரு அம்மா, பின்னால் அவ்வளவு பேர் வரிசையில் நிற்க, தன் பாஸ்வேர்டைச் சத்தமாகச் சொன்னார். “மெல்லச் சொல்லுங்கோ அம்மா” என்றேன். “ஏன் பிள்ளை, நான் என்ன களவே எடுத்தனான், காதுக்குள்ளை சொல்ல?” என்று கேட்டார்.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்து, பதிவு பதிவு என்று எத்தனை மேசைக்கு முன்னால் நின்ற சனம் நாங்கள். யார் மேசை போட்டுக் கேட்டாலும் குடும்ப விபரம் சொல்லிப் பழகிவிட்டோம். அடையாள அட்டையைக் கேட்டால் ஏன் என்று கேட்கிற பழக்கம் எங்கள் கைக்கு வரவில்லை. கை தானாகப் போய் எடுத்து நீட்டும். இணையத்தில் பெயரைத் திருடுகிறவன் எங்களிடம் பெரிதாகக் கஷ்டப்படத் தேவையில்லை. கொஞ்சம் அதட்டலாகவோ, கொஞ்சம் அன்பாகவோ கேட்டால் போதும்.

தட்டச்சு எனக்கு யாரும் பழக்கவில்லை. பழைய அறிவித்தல்களைப் பார்த்துப் பார்த்து அடித்துப் பழகினேன். என் முதல் முதலாளி பழக்கியது வேறொன்று. “சாவீட்டுச் சனத்தோடை வாதாடக் கூடாது, பிள்ளை. கேள்வி கேள். பிழை எங்கை எண்டு அதுகளே காட்டும்” என்பார். ஒருநாள் இரண்டு சகோதரர்கள் தகப்பனின் அறிவித்தலை எழுதிக்கொண்டு வந்தார்கள். வீட்டை எதிர்த்துக் கலியாணம் செய்துகொண்டு போன தங்கையின் பெயர் அதில் இல்லை. ஊருக்கே தெரிந்த விசயம். முதலாளி தாளை வாசித்துவிட்டு, “தம்பி, கொப்பருக்குப் பொம்பிளைப் பிள்ளையள் எத்தினை பேர்?” என்று மட்டும் கேட்டார். மூத்தவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அவளையும் போடுங்கோ அண்ணை” என்றார். முதலாளியின் இந்த வழி எனக்கு எங்கே உதவப் போகிறது என்று அப்போது தெரியாது.

இனிப் பாக்கியமக்காவின் கதை.

பாக்கியமக்கா தர்மபுரம். வயல் செய்கிற குடும்பம். கணவர் முத்தையா காலமான அன்று மகளையும் கூட்டிக்கொண்டு அறிவித்தல் அடிக்க வந்தார். நான் வழக்கம்போலக் கேட்டேன்.

“பிறப்பிடம் அக்கா?”

அக்கா மகளைப் பார்த்தார். மகள் நிலத்தைப் பார்த்தது.

“பூவரசங்குளம் எண்டு போடுங்கோ தங்கச்சி.”

முத்தையா அண்ணை பிறந்தது மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் இருக்கிற வரிசை வீட்டில். தாய் அங்கேயே இறந்துபோக, தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு தகப்பன் இரண்டு ஆண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தவர். முதலில் பூவரசங்குளம், பிறகு தர்மபுரம். காடு வெட்டி, வயலாக்கி, இந்த மண்ணின் ஆட்களாகிவிட்டார்கள். அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“பிள்ளைக்கு ஒரு சம்பந்தம் பேசிக் கிடக்கு. யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆக்கள். தோட்டம் எண்டு போட்டால் குறைஞ்ச ஆக்கள் எண்டு நினைப்பினமோ தெரியாது.”

“பிரான்சிலை இருக்கிற அண்ணையின்ரை தம்பியாரிட்டை ஒருக்காக் கேட்டியளோ?”

“அவனுக்கென்ன. அவன் தூரத்திலை.”

அடித்தேன். இணையத்தில் ஏற்றினேன். தூரத்தில் இருந்தவர் அன்றைக்கே வாசித்துவிட்டார். செத்தவீடு முடியுமுன்னமே போன் எடுத்து அக்காவைக் கேட்டிருக்கிறார்: “எங்கட அம்மாவைத் தாட்ட மண் அது. அதை எடுத்துப்போட்டு வேறை ஊரை வைக்க உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?” அதோடு பேச்சு நின்றது. அக்கா எடுத்தால் அவர் எடுப்பதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அழைப்பு அடிக்க வந்தபோது அக்கா இதைச் சொல்லிச் சொல்லி அழுதார். “அவரும் இல்லை, அவரின்ரை தம்பியும் இல்லையெண்டு ஆயிட்டுது” என்றார்.

பிறகு ஒருநாள் மத்தியானம் அதே அக்கா ஓட்டமும் நடையுமாகக் கடைக்குள் வந்தார். ஒரு கையில் போன், மறு கையில் அடையாள அட்டை. முகத்தில் வெளிச்சம்.

“தங்கச்சி! தம்பி கதைச்சிட்டான்!”

வட்ஸ்அப்பில் புது நம்பர் ஒன்றிலிருந்து வந்திருந்தது. படத்தில் தம்பியேதான், கறுப்புக் குளிர்ச்சட்டையோடு. ‘அண்ணி, அண்ணை இல்லாமல் மனம் சரியில்லை. உங்களையும் பிள்ளையையும் ஒருக்கா இங்கை கூப்பிடப் போறன். அழைப்புக் கடிதம் எழுத உங்கட அடையாள அட்டையை ரெண்டு பக்கமும் அனுப்புங்கோ. பதிவுக்கு ஒரு இலக்கம் வரும், அதையும் சொல்லுங்கோ.’

“கோபம் ஆறிட்டுது தங்கச்சி. கெதியா அனுப்பி விடுங்கோ.”

அட்டையை வாங்கி ஸ்கானரில் வைத்தேன். மூடியைச் சாத்தவில்லை, அதற்குள் அழைப்பு வந்துவிட்டது. அக்கா ஸ்பீக்கரைப் போட்டார். லைன் கரகரத்தது.

“அண்ணி, தொண்டை கட்டிப்போய்க் கிடக்கு, குரல் வித்தியாசமாத்தான் இருக்கும். அனுப்பிட்டியளோ? இப்ப உங்கட போனுக்கு இலக்கம் வரும். வாசிச்சுச் சொல்லுங்கோ. இங்கை அலுவலகத்திலை என்ரை முறை வந்திட்டுது.”

சொல்லி வாய் மூடவில்லை, இலக்கம் வந்துவிட்டது. அக்கா போனை என்னிடம் நீட்டினார். “கண்ணாடி வீட்டை விட்டிட்டன். வாசிச்சுச் சொல்லுங்கோ பிள்ளை.”

பிள்ளைகளே, அந்த இலக்கம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நம்முடைய வட்ஸ்அப்பை வேறொருவன் தன் போனில் திறக்கப் பார்க்கும்போது, ‘இவருக்குச் சம்மதமா’ என்று கேட்டு நமக்கு வருகிற இலக்கம் அது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் வவுனியாவில் ஒரு ரீச்சர் அந்த இலக்கத்தை யாரோ ஒருவனுக்கு வாசித்துச் சொல்லிவிட்டிருந்தார். அவருடைய பெயரில், அவருடைய படத்தோடு, போனில் இருந்த அத்தனை பேரிடமும் அவசரம் என்று உதவி கேட்டுச் செய்தி போனது. காசு அனுப்பியவர்கள் அனுப்பிவிட்டு ரீச்சரிடம் திருப்பிக் கேட்டார்கள். “நான் கேக்கேல்லை” என்று அவர் சொன்னதை நம்பியவர்கள் பாதிப் பேர்தான். அதற்குப் பிறகு அவர் கலியாண வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டார்.

பாக்கியமக்காவின் போனில் சம்பந்தி வீட்டு நம்பர் இருந்தது. கலியாணம் பேசி முற்றாகாத வீடு. பெண்ணின் தாயே கை நீட்டுகிற மாதிரி ஒரு செய்தி அங்கே போய்ச் சேர்ந்தால் அந்தப் பிள்ளையின் கலியாணம் அதோடு சரி. அதற்கு மேல் அட்டையின் இரண்டு பக்கமும் அவன் கையில் போனால், அக்காவின் பெயரில் எங்கே என்ன திறப்பான் என்று யாருக்குத் தெரியும்.

போனைப் பறித்துத் துண்டித்திருக்கலாம். நீங்கள் என்றால் அதைத்தான் செய்திருப்பீர்கள். ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. பேசுவது உண்மையான தம்பியாக இருந்தால்? இவ்வளவு நாளைக்குப் பிறகு வந்த உறவை இந்தக் கடைக்காரி வெட்டினாள் என்று ஆகும். கள்ளன் என்று சொன்னாலும் அக்கா நம்பப் போவதில்லை, அவ்வளவு ஆசையோடு நின்றார். முதலாளியின் குரல்தான் காதில் கேட்டது: வாதாடாதே, கேள்.

“அக்கா, தம்பியார்தானோ எண்டு ஒரு கேள்வி கேளுங்கோ.”

“என்ன கதை இது? இப்பதான் சமாதானமாகியிருக்கிறான். சந்தேகப்பட்டனெண்டு தெரிஞ்சால் திரும்பவும் கோவிச்சுக்கொண்டு போடுவான்.”

“என்னைச் சாட்டிக் கேளுங்கோ. பகிடி மாதிரி.”

அக்காவுக்கு விருப்பமில்லை. ஆனாலும் கேட்டார். “தம்பி, இந்தக் கடைக்காரப் பிள்ளை நம்புதில்லை. கொப்பரின்ரை பேரைச் சொல்லு, கேப்பம்.”

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. “பெருமாள். அம்மா செல்லம்மா. அண்ணை முத்தையா, வீட்டிலை ராசன். மகள் தர்சினி. வதிவிடம் தர்மபுரம். காணுமோ அண்ணி?”

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ‘இப்ப என்ன சொல்லுறாய்’ என்கிற பார்வை.

எனக்கோ ஒரு சொல் காதில் இடறியது. வதிவிடம் என்று வாயால் பேசுகிற மனிசரை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? சொந்த வீட்டை யாராவது வதிவிடம் என்று சொல்வார்களா? அது என் சொல். நான் அடித்தது. அவன் எங்கேயோ இருந்துகொண்டு எங்கள் கடை ஏற்றிய அறிவித்தலைத் திறந்து வைத்து வாசிக்கிறான். நாங்கள் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் விடை அதிலே கிடக்கிறது.

போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவின் காதுக்குள் சொன்னேன்: “அறிவித்தலிலை நாங்கள் போடாத ஒண்டைக் கேளுங்கோ அக்கா.”

அக்கா என் முகத்தைப் பார்த்தார். அதில் போடாதது எது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்த ஒரு விசயத்தால்தான் தம்பி பேச்சை விட்டவர். இனி வாழ்நாளில் அவனிடம் அதை எடுக்கவே கூடாது என்று அக்கா எண்ணியிருந்தார். இப்போது அதையே எடுக்கச் சொல்கிறேன்.

“அண்ணி, கெதியா. பாத்துக்கொண்டு நிக்கினம்” என்றது போன்.

நான் பொத்திய கையை எடுக்க, அக்கா கேட்டார். “தம்பி, கோவிக்காதை என்ன. கொண்ணை எங்கை பிறந்தவர்?”

தம்பியாக இருந்தால் அந்த இடத்தில் வெடித்திருக்க வேண்டும்.

“இதென்ன கேள்வி அண்ணி?” குரல் நல்ல இனிமையாக வந்தது. “பூவரசங்குளத்திலைதானே.”

அக்கா கத்தவில்லை. ஏசவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்:

“அப்ப நீ ஆரின்ரை பிள்ளை, ராசா?”

லைன் அறுந்தது.

அக்கா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். பக்கத்துக் கடையில் பிளேன்ரீ எடுப்பித்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு அக்கா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்புக்கு நடுவே கண்ணால் தண்ணீர் ஓடியது.

“அண்ணி எண்டு கூப்பிட்டவுடனையே எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது தங்கச்சி. அவன் என்னை மதினி எண்டுதான் கூப்பிடுறவன். அவையள் மலைநாட்டிலை அப்பிடித்தான். கோபத்திலை தூரமா நிண்டு கூப்பிடுறான் எண்டு நினைச்சிட்டன்.”

இதையும் குறித்து வையுங்கள். ஏமாற்றப்படுகிறவருக்கு ஏதோ சரியில்லை என்று எங்கேயோ தெரிந்தே இருக்கும். அன்பு போய் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். அதனால் ஏமாந்து வருகிறவரிடம் ‘இவ்வளவும் தெரிஞ்சும் ஏன் சொன்னியள்?’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

அட்டையை ஸ்கானரிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தேன். அந்த நம்பரை முறைப்பாடு செய்து தடுத்தேன். வட்ஸ்அப்புக்கு இரண்டாவது பூட்டாக அக்கா மட்டும் அறிந்த இலக்கம் ஒன்றை அவரையே போடச் சொல்லிவிட்டு நான் மறுபக்கம் திரும்பி நின்றேன். “பாருங்கோவன், நீங்கள் தானே” என்றார். “எனக்கும் தெரியக் கூடாது அக்கா” என்றேன். அது அவருக்குப் புதுமையாக இருந்தது.

“உண்மையான தம்பிக்கு இப்ப எப்பிடிச் சொல்லுறது? நான் எடுத்தால் எடுக்கான்.”

“எடுக்காட்டிலும் கேப்பார். பழைய நம்பருக்குக் குரலிலை அனுப்புங்கோ.”

அக்கா போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தார். “தம்பி, மதினி கதைக்கிறன். உன்ரை படத்தைப் போட்டு, உன்ரை பேரிலை ஒருத்தன் கதைச்சவன். கொண்ணை எங்கை பிறந்தவர் எண்டு கேட்டன். பூவரசங்குளம் எண்டான். அதிலைதான் பிடிச்சனாங்கள். நீயெண்டால் அப்பிடிச் சொல்லமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். வேறையொண்டும் இல்லை.”

பிளேன்ரீ ஆறுவதற்குள் போன் அடித்தது. அக்கா முன்னம் மாதிரியே ஸ்பீக்கரைப் போட்டார்.

“மதினி!”

அந்த ஒரு சொல்லில் அக்காவின் தோள் இறங்கிப் போனதை நான் பார்த்தேன்.

“ஒண்டும் குடுக்கேல்லையே மதினி? அட்டை குடுக்கேல்லையே?”

“ஒண்டும் குடுக்கேல்லை ராசா. கடைக்காரப் பிள்ளை விடேல்லை.”

“நானெண்டால் அந்தக் கேள்விக்கு என்ன சொல்லியிருப்பன் தெரியுமோ?”

“ஏசியிருப்பாய்.”

“ஏசிப்போட்டுத்தான் சொல்லியிருப்பன். லயத்துக்கு முன்னாலை ஒரு பீலி மதினி. மலையிலையிருந்து குழாய் வழியா விழுற தண்ணி, ஐஸ் மாதிரி. விடியப் பள்ளிக்கூடம் போக முன்னம் அண்ணை என்னைப் பிடிச்சு அதுக்குக் கீழை நிப்பாட்டுவார். நான் கத்த, தானும் சேர்ந்து கத்துவார், எனக்குக் குளிராதாம்.”

“இதை அவர் எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லையே.”

“கேட்டால்தானே சொல்லுவார்” என்றார் தம்பி. நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

அன்றைக்குப் பிறகு கடையில் சில பழக்கங்களை மாற்றினோம். நீங்களும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒழுங்கை வாசலில் கட்டுகிற பனரில் இருக்கட்டும், ஊர்ச் சனத்துக்கு ஆளைத் தெரிய வேண்டும். இணையத்தில் வேண்டாம். தொடர்புக்கு ஒரு நம்பர் போதும், அதையும் அந்தியேட்டி முடிந்ததும் எடுத்துவிடுங்கள். அடையாள அட்டையை ஸ்கான் பண்ணினால் எதற்காக என்று பிரதியின் மேல் குறுக்கே எழுதுங்கள். வேலை முடிந்ததும் ஆளின் கண் முன்னாலேயே அழியுங்கள். போனுக்கு வருகிற இலக்கத்தை வங்கிக்காரருக்கும் சொல்ல வேண்டாம், மாமாவுக்கும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு, “எங்களுக்கும் சொல்ல வேண்டாம்” என்று நீங்களே சொல்லுங்கள். யாராவது கொடுத்துவிட்டு ஓடி வந்தால் முதலில் அவர்களின் உறவுக்காரர் எல்லோருக்கும் போன் எடுத்து எச்சரியுங்கள், வங்கிக்கு அறிவியுங்கள், பொலிசில் போடுங்கள். புத்திமதியைப் பிறகு பார்க்கலாம்.

அறிவித்தல் அடிக்க வருகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்லத் தொடங்கினேன்: இதில் இல்லாத கேள்வி ஒன்றைக் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கோ என்று. சிலர் சிரிப்பார்கள். சிலர் அந்த இடத்திலேயே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

முத்தையா அண்ணையின் ஆண்டுத் திவசம் வந்தது. நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னம். பாக்கியமக்கா நினைவஞ்சலி அடிக்க வந்தார். கடையில் நல்ல கூட்டம். அறிவித்தலின் முதல் வரியிலேயே என் கை நின்றது. கேட்கத் தயக்கமாக இருந்தது. பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

“பிறப்பிடம் அக்கா?”

அக்கா தோட்டத்தின் பெயரைச் சொன்னார். எந்த டிவிசன் என்பதையும் சொன்னார். வரிசையில் கடைசியில் நின்றவருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“சம்பந்தி வீட்டிலை…” என்று இழுத்தேன்.

“நானே போய்ச் சொல்லிப்போட்டன் தங்கச்சி. ‘அது எங்களுக்கு எப்பவோ தெரியும், நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள்’ எண்டார் மாப்பிளையின்ரை தேப்பன். நான் வீணா ஒளிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். திவசம் முடியக் கலியாணத்துக்கு நாள் வைக்கினம். தம்பியும் வாறான்.”

சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் தொழில் புத்தி விடவில்லை. “அக்கா, இதை இப்ப இணையத்திலை போட்டால் உங்கட கேள்வி போயிடுமே. இனி அவன் மாதிரி ஒருத்தன் வந்தால் எதைக் கேப்பியள்?”

“போகட்டும். தம்பியும் நானும் வேறை ஒண்டு கதைச்சு வைச்சிருக்கிறம்.”

“என்னது?”

அக்கா என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“நல்ல கதை! உங்களுக்குச் சொல்லுவனோ?”

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் தோட்டத்தின் பெயரை அடித்தேன்.